மூன்று மொழியில் நேரம் சொன்ன கல்

பலெர்மோவில் சில நாட்களில் விடியும்போது ஆபிரிக்கா வந்து பல்கனியில் படுத்திருக்கும். தெற்கிலிருந்து சூடான காற்று அடித்து ஓய்ந்தால் கைபிடிக் கம்பியிலும் பூச்சாடியிலும் காயப்போட்ட விரிப்பிலும் மிளகாய்த்தூளை அரித்துத் தூவியதுபோல ஒரு சிவப்புத் தூசி. இது சகாரா மண், கடல் தாண்டி வருகிறது என்று நான் வேலை செய்கிற வீட்டு எசமானி, எங்கள் சினியோரா, முதன்முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. மனிசி கூடுதலாக வேலை வாங்கக் கதை விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு நம்பினேன். நம்பி என்ன, நம்பாமல் என்ன, கூட்டுவது நான்தானே. ஒரு கண்டத்தையே தும்புத்தடியால் கூட்டி வாளியில் அள்ளியவள் நான் என்று ஊரில் யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லலாம்.

இதை வாசிக்கிற ஊர்ச்சனம் நினைப்பீர்கள், இவள் ஒன்பது பத்து வருடம் இத்தாலியில் இருந்தவள், எல்லாம் பார்த்து முடித்திருப்பாள் என்று. இங்கே இருக்கிற எங்கள் ஆட்களுக்கு உண்மை தெரியும். நான் பார்த்தது சினியோராவின் வீடு, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஊருக்கு ரெலிபோன் எடுக்கிற கடை, பெர்மெஸ்ஸோ என்கிற இருப்பிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்று கால் கடுக்கிற க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசல், பல்லரோச் சந்தையில் மரக்கறி மலிகிற பின்னேரம். முதல் ஏழு வருடமும் இவ்வளவுதான். பெரிய கோயிலின் கோபுரங்கள் சினியோராவின் குசினி யன்னலில் தெரியும். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பேன். எண்ணெய்ப் புகை போய்விட்டதா என்று பார்ப்பேனே ஒழிய, அதற்கு அப்பால் என்ன நிற்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் பலெர்மோ வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில். மன்னாரில் சரித்திரம் படிப்பித்த மாஸ்டர் அவர். கலியாணம் முடித்துப் பத்தாம் மாதம் நான் வெளிக்கிட்டேன். அவரைக் கூப்பிடுகிற கடதாசிகள் சரிவர ஏழு வருடம் எடுத்தது. அதற்குள் அவரும் இடம்பெயர்ந்து, மடுப் பக்கத்து அகதி முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் கண்டபோது நான் விட்டுவிட்டு வந்த மனிதரில் பாதிதான் வந்திருந்தது. அந்தப் பாதியும் இங்கே வந்து கரையத் தொடங்கியது. ஊரில் ஒரு கதையை எடுத்தால் பொழுதுபடும் மட்டும் கதைக்கிற வாய். இங்கே வணக்கம் சொல்கிற ‘புவோன்ஜோர்னோ’வுக்கு மேலே ஒரு சொல் வராது. நான் வேலைக்குப் போக, அவர் அறையில் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வயதுபோன ஓர் அப்புக்காத்தரை, கோட்டில் வழக்குப் பேசிய மனிதரை, பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று சினியோரா சொன்னாள். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வெளியே உலாத்தக் கூட்டிப்போகிற வேலை. நல்ல குடும்பம். நான் ஓடிவந்து சொன்னேன்.

“குளிப்பாட்டுறது குறைச்சல் எண்டு நான் சொல்லேல்லை ரீற்றா,” என்றார் அவர். “ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கூட என்ரை வாயிலை வராத ஊரிலை நான் ஆர்? அதை முதல் சொல்லும்.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஏழு வருடம் காத்திருந்தது இந்தக் கேள்வியைக் கேட்கவா? கடைசியில் அவர் திரும்பிப் போவதென்று சொல்லிவிட்டார். கொழும்புக்குப் போகிற டிக்கட்டை உறுதி செய்ய ஏஜென்சிக்காரன் ஒரு திங்கட்கிழமை வரைக்கும் தவணை கொடுத்திருந்தான். நான் சொல்லவந்தது அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

எங்களைப் போன்றவர்களுக்கு இத்தாலியன் படிப்பிக்கிற பின்னேர வகுப்பில் ஓர் அறிவித்தல் போட்டிருந்தார்கள். வழிகாட்டியோடு ஒரு நாள் சுற்றுலா. இந்தப் பழைய துறைமுகப் பட்டினத்தின் சரித்திரம் முழுக்க, அரண்மனையில் தொடங்கிக் கடற்கரையில் முடியும். தமிழாக்கள் இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றதும் நான் கையைத் தூக்கிவிட்டேன். என்னுடைய இத்தாலியன் குசினியில் படித்தது. கறையில் எட்டு வகைக்குப் பெயர் தெரியும். ராசாவுக்கு என்ன சொல் என்று சனிக்கிழமைதான் அகராதியில் தேடிப் பார்த்தேன். எனக்குச் சரித்திரத்திலா அக்கறை? இந்த ஊரை ஒரு நாளாவது ஒழுங்காகக் காட்டினால் மனிசன் நின்றுவிடுவார் என்று ஒரு நப்பாசை. சரித்திர மாஸ்டரை வேறு எதைக் காட்டி மயக்குவது?

“நான் வரேல்லை, நீர் போயிட்டு வாரும்,” என்றார்.

“நீங்கள் வராட்டில் நான் விடுற பிழையை ஆர் பிடிக்கிறது?”

பிழை என்ற சொல்லுக்கு வாத்தியார்மார் எப்போதும் எழும்புவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சேட்டை எடுத்து மினுக்கத் தந்தார்.

ஞாயிறு காலை அரண்மனை வாசலில் எங்கள் சனத்தைப் பார்க்க வேண்டுமே. பொம்பிளைகள் எல்லாரும் கூறைக்கு அடுத்த சீலை. தலையில் பூ இல்லாத குறைதான். கையில் புட்டுப் பார்சலும் சம்பலும். வழிகாட்டி லிவியா சப்பட்டைச் சப்பாத்தும் காற்சட்டையுமாக ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். படித்தவர்களை இங்கே மரியாதையாகத் தொத்தொரெஸ்ஸா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்களைக் கண்டதும் அவள் திகைத்து, இன்றைக்கு யாருக்குக் கலியாணம் என்று கேட்டாள். பொலிதேயாமாவில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிற அந்தோனி அண்ணை நெஞ்சில் கைவைத்து, எனக்குத்தான், பொம்பிளைதான் இன்னும் வரவில்லை என்று இத்தாலியனில் சொன்னார். தொத்தொரெஸ்ஸா அதை உண்மையென்று நம்பி அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள்.

பிறகு தொடங்கினாள். நோர்மன்காரர், வடக்கிலிருந்து வந்த மனிதர் என்று என்னவோ வேகமாகச் சொன்னாள்.

“வடக்கு ஆக்கள் வந்து இந்த ஊரைப் பிடிச்சவையாம்,” என்றேன் நான்.

“வடக்கோ? அப்ப எங்கடை ஆக்கள்தான்,” என்றார் அந்தோனி அண்ணை. சனம் கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள்ளே மெல்லிய குரலில் ஒருவர், “அது நோர்மன்காரர். இங்கிலாந்தைப் பிடிச்சதும் அவையள்தான். அதுக்கு முதல் இஞ்சை இருநூறு வருசத்துக்கு மேலை அரபுக்காரர் ஆண்டவை. எங்கடை மன்னாருக்கு முத்து வாங்க வந்தவையும் அரபுக்காரர்தானே. அங்கை நிக்கிற அடி பருத்த பெருக்கமரமே அவையள் கொண்டந்தது எண்டு சொல்லுவினம்,” என்றார். எல்லாரும் திரும்பினார்கள். என்னுடைய மனிசன். வந்த மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்து நான் கேட்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று தொத்தொரெஸ்ஸா கேட்க, முடிந்த அளவுக்குச் சொன்னேன். “பிராவோ, ப்ரொஃபெஸ்ஸோரே!” என்றாள் அவள். இவர் கை தன்பாட்டில் போய்ச் சேட்டுக் கொலரை நேராக்கியது.

அதன்பிறகு ஒரு முறை உண்டாகிவிட்டது. அவள் இத்தாலியனில் சொல்ல, நான் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் தமிழில் போட, அவர் மிச்சத்தை நிரப்பினார். எலும்பு நான் கொடுத்தேன், சதை அவர் வைத்தார். சனம் என்னைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்த்தது. எனக்கென்ன கோபமா? இல்லை. உள்ளுக்குள் ஒரு கும்மாளம்.

அரண்மனைக்குள்ளே ராசா தனக்குக் கட்டிய கோயில், கப்பெல்லா பலத்தீனா. வாசலுக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். மன்னாரில் கோயிலுக்குள் யார் செருப்போடு போவது? காவலுக்கு நின்ற கிழவன் ஓடிவந்து, “லெ ஸ்கார்ப்பே! லெ ஸ்கார்ப்பே!” என்று காலைக் காட்டிக் கத்தினான். சப்பாத்து, சப்பாத்து என்கிறான். ஐயோ, யாரோ இன்னும் கழற்றவில்லைப்போல என்று மிச்சப் பேரும் அவசர அவசரமாகக் கழற்றினார்கள். அவன் இன்னும் கத்தினான். ஒருத்தி காலுறையையும் உருவிவிட்டாள். நாற்பது செருப்பு வாசலில் குவிந்துவிட்டது. ஏதோ பெரிய தெய்வக் குற்றம் செய்துவிட்டோம் என்று நான் நடுங்கிப்போனேன். தொத்தொரெஸ்ஸா வந்து விசாரித்தபிறகு கதை வெளித்தது. சலவைக்கல் பனிபோலக் குளிரும், வெறுங்காலோடு போனால் இந்தப் பெண்டுகளுக்கு வருத்தம் வந்துவிடும் என்று அந்த மனிதன் பதைத்திருக்கிறான். பரவாயில்லை, எங்கள் வழக்கம் அப்படி என்று நான் சொன்னேன். அவன் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, நாங்கள் திரும்பி வரும் வரைக்கும் காவல் இருந்தான்.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். சுவரெல்லாம் தங்கம் என்று எழுதினால் உங்களுக்கு நகைக்கடை நினைவு வரும். அது இல்லை. நகத்தளவு கண்ணாடித் துண்டுகள், லட்சக்கணக்கில், ஒவ்வொன்றுக்குள்ளும் பொன். நாங்கள் ஓர் அடி நகர்ந்தால் வெளிச்சமும் ஓர் அடி நகர்கிறது. மேலே யேசுநாதர் ஒருவர், கண்ணை நேரே வைத்து, ‘இவ்வளவு காலமும் எங்கே போனாய்’ என்று கேட்பதுபோல. மாதாவே, நான் இதற்குப் பத்து நிமிட நடை தூரத்தில்தானே ஏழு வருடம் கண்ணாடி துடைத்தேன்! தொழில் புத்தி விடுமா, இதையெல்லாம் யார் துடைக்கிறது என்று தொத்தொரெஸ்ஸாவைக் கேட்டேன். எத்தனையோ வருடம் இங்கே ஆட்களைக் கூட்டிவருகிறேன், ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்று அவள் சிரித்தாள். அவளுக்கும் தெரியாது.

முகட்டைப் பாரும் என்றார் என் வீட்டுக்காரர். மரத்தால் செய்த முகடு. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோலக் குழி குழியாக இறங்கி, குழிக்குள் நட்சத்திரம், நட்சத்திரத்தின் ஓரமெல்லாம் சிறிய சித்திரம். தலைப்பாகைக்காரர் காலை மடித்துச் சப்பாணி கட்டியிருந்து குடிக்கிறார்கள், வீணைபோல ஒன்றை வாசிக்கிறார்கள், ஒட்டகத்தில் போகிறார்கள்.

“கோயில் முகட்டிலை தண்ணி அடிக்கிறாங்கள். எங்கடை சுவாமி கண்டால் பூசை வைக்கமாட்டார்,” என்றார் அந்தோனி அண்ணை.

“அரபு வேலையாக்கள் செய்தது,” என்றார் இவர். கழுத்தை நிமிர்த்தியபடியே நின்றார். “வெண்டவன் தோத்தவனைக் கூப்பிட்டு, தன்ரை கோயிலுக்கு முகடு போடுவிச்சிருக்கிறான். உடைக்கேல்லை. போடுவிச்சிருக்கிறான்.”

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு திரும்புகிற இடத்தில், சுவரில் ஒரு கல். பெரிய கல்லும் இல்லை, அழகான கல்லும் இல்லை. தங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அதில் ஒன்றும் இல்லை. ராசா தண்ணீரால் ஓடுகிற ஒரு மணிக்கூடு செய்வித்தாராம். மணிக்கூடு போய்விட்டது, அதைப் பற்றி எழுதிய கல் மட்டும் மிச்சம். மேலே லத்தீன், நடுவில் கிரேக்கம், கீழே அரபு. ஊரில் எந்த மொழிக்காரன் வந்தாலும் தன் மொழியில் வாசித்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கல்லுக்குக் கிட்டப் போனார். பிறகு தொத்தொரெஸ்ஸாவிடம் திரும்பி, என்னைக் கேளாமல், தானே இத்தாலியனில் கேட்டார். மூன்றே மூன்று சொல். “ரே... லிங்குவா... க்வாலே?” ராசாவின் பாஷை இதில் எது?

தொத்தொரெஸ்ஸா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். “நெஸ்ஸூனா,” என்றாள். ஒன்றுமில்லை. ராசாவின் ஆட்கள் வீட்டில் பேசியது ஒரு வகைப் பிரெஞ்சு. அது இந்தக் கல்லில் இல்லை.

நான் தமிழில் சொன்னேன். இருபது பேரும் கல்லுக்குக் கிட்ட வந்தார்கள். சின்ன வயதிலிருந்து அரசாங்கக் கந்தோர் கந்தோராகத் தெரியாத பாஷைக் கடதாசியோடு அலைந்த சனம். அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எங்கடை நாட்டிலையும் ஒரு கல் இருக்கு. சொல்லும் அவவுக்கு,” என்றார் இவர். “காலியிலை கண்டெடுத்தது. ஒரு சீனக் கடற்தளபதி சீனாவிலை வெட்டுவிச்சு, கப்பலிலை கொண்டந்தது. சீனம், தமிழ், பாரசீகம். ஒவ்வொரு பாஷையிலையும் ஒவ்வொரு சாமிக்குக் காணிக்கை. நான் கொழும்பு மியூசியத்திலை கிட்ட நிண்டு பாத்தனான். சீனாவிலை ஒரு துறைமுகப் பட்டினத்திலை தமிழ் எழுத்துக் கல்லே இருக்காம். எங்கடை வியாபாரியள் அங்கை கோயிலும் கட்டி இருந்தவையாம்.”

“சீனாவிலையுமே? அப்பவும் எங்கடையள் பெர்மெஸ்ஸோவுக்கு வரிசையிலைதான் நிண்டிருப்பாங்கள்,” என்றார் அந்தோனி அண்ணை.

தொத்தொரெஸ்ஸா கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். இப்போது அவர் சொல்ல, நான் இத்தாலியனில் போட, அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். வழிகாட்டி யார், வந்தவர் யார் என்றே தெரியவில்லை. கடைசியில் அவளே ஒன்று சொன்னாள்: இதை எழுதுவித்த ராசாவின் பேரன் காலத்தில் மிஞ்சியிருந்த அரபுக்காரரைத் தீவை விட்டு ஏற்றிவிட்டார்கள். “அதையும் சேத்துத்தான் படிப்பிக்கவேணும்,” என்றார் இவர். படிப்பிக்கவேணும் என்று அவர் சொன்னதை அந்த நேரம் நான் பெரிதாக எடுக்கவில்லை.

என் மனம் வேறெங்கோ போயிருந்தது. நான் ஊரை விட்டு வெளிக்கிட முதல், என் தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனைத் தேடி ஏறி இறங்கிய இடங்களில் ஓரிடத்தில் ஒரு தாளை நீட்டி, ஒப்பம் வை, நாளைக்கு விடுவோம் என்றார்கள். சிங்களத்தில் தட்டச்சு அடித்த தாள். எனக்கு ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. வைத்தேன். நாளைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார்: தம்பியை நல்ல சுகத்தோடு பொறுப்பேற்றுக்கொண்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கேட்க எனக்கு வாய் இல்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் நான் நின்றபோது என் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும்.

மத்தியானம் பழைய துறைமுகத்தில், மீன்பிடி வள்ளங்களுக்கு முன்னால் இருந்து புட்டைப் பிரித்தோம். தொத்தொரெஸ்ஸா சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணீர் வடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டாள். இவர் எழும்பி நின்று, இந்தத் துறைக்கு எந்தெந்தக் கடலால் யார் யார் வந்தார்கள் என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் வாய் பார்த்தது. பொன்னையும் மணியையும் விட எனக்கு அதிசயமாக இருந்தது அந்தக் காட்சிதான். என் மனிசன் முழுதாக நிற்கிறார்! நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்புக்காத்தருக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று சினியோராவிடம் சொல்கிற வசனத்தை இத்தாலியனில் கட்டிக்கூட வைத்துவிட்டேன்.

திரும்பி நடந்து வரும்போது, பல்லரோவில் கடைகள் பூட்டியிருந்த ஒழுங்கையில் அவர் நின்றார்.

“ரீற்றா, நாளைக்கு டிக்கட்டை உறுதி செய்யப்போறன்.”

“என்ன?” என்றேன். “அட பாவி மனுசா! இவ்வளவையும் வாயைப் பிளந்து பாத்திட்டோ? இந்த ஊர் பிடிக்கேல்லையோ உங்களுக்கு?”

“பிடிச்சபடியாத்தான். நேற்றுவரைக்கும் இஞ்சை இருக்கேலாமல் ஓடப் பாத்தனான். இண்டைக்கு அப்பிடியில்லை. அங்கை கொட்டிலுக்குள்ளை பிள்ளையள் இருக்கு. அதுகளுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அதுகள் வாசிக்கத் தெரியாத தாளிலை ஒப்பம் வைக்கக்கூடாது.”

“அப்ப நான்?”

அவர் என் கையைப் பிடித்தார். நடுத்தெருவில், பகலில். கலியாணம் செய்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. “நீரும் வாரும்.”

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அந்தத் தாளில் ஒப்பம் வைத்த மண்ணுக்கு என் கால் போகாது. அதை வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. இந்த ஊரைக் காட்டி அவரை நிறுத்தலாம் என்று கூட்டிப்போனது நான். ஊர் அவருடைய முதுகை நிமிர்த்திவிட்டது. நிமிர்ந்த முதுகோடு அவர் போனார். யாரைக் குறை சொல்ல?

இரண்டு வருடமாகிறது. கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும், சிலவேளை மூன்று சேர்ந்து வரும். சுகம் விசாரிப்பது ஒரு வரி, அடுத்த வரியிலேயே கேள்வி. முகட்டில் ஒட்டகத்தின்மேல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரிய கோயில் தூணில் குர்ஆன் வசனம் வெட்டியிருப்பது எந்தப் பக்கம்? பிள்ளைகள் கேட்கிறார்களாம். வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. மற்றவர்கள் பொலிதேயாமாவில் கடை பார்க்கப் போக, நான் கொப்பியோடு இந்த இடங்களுக்குப் போகிறேன். மடுக் காட்டுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குப் பலெர்மோவைத் தெரிகிற அளவுக்கு இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன மாதக் கடிதத்தில் எழுதியிருந்தார்: பலகையில் தமிழும் சிங்களமும் இங்கிலீசும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பழக்குகிறாராம். முகாம் வாசலில் ஒட்டியிருந்த சிங்கள அறிவித்தலை எட்டு வயதுப் பெட்டைப்பிள்ளை ஒன்று எழுத்துக்கூட்டி, தாய்க்கு வாசித்துக் காட்டியதாம். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்குக் கீழே வழக்கம்போலக் கேள்வி: கல்லில் ஒவ்வொரு பாஷைக்கும் எத்தனை வரி? எண்ணி அனுப்பும்.

நேற்றுப் போய் எண்ணிக்கொண்டிருந்தேன். காவலுக்குப் புதிதாக வந்த பெடியன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். “இதில் எது உங்கள் மொழி, சினியோரா?”

“நெஸ்ஸூனா.”

“பிறகு ஏன் எழுதுகிறீர்கள்?”

“என் வீட்டுக்காரர் இந்தக் கல்லைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்.”

“அப்படியா! எந்தப் பள்ளிக்கூடம்? எங்கே இருக்கிறது?”

சொன்னால் அவனுக்குத் தெரியாது. கடல் இருக்கிற பக்கம் என்று நினைத்துக் கையை நீட்டி, அங்கே, கடலுக்கு அப்பால் என்றேன்.

“அது மலைப் பக்கம், சினியோரா. கடல் இந்தப் பக்கம்,” என்று அவன் எனக்குப் பின்னால் காட்டினான்.

நான் கையைத் திருப்பி அந்தப் பக்கம் நீட்டினேன். மற்றக் கையின் விரல், கிரேக்கத்தில் எண்ணி நிறுத்திய வரிக்கு நேரே, கல்லைத் தொடாமல் அப்படியே நின்றது.